புரவலரும் பதிலியரும்: அங்கோலா உள்நாட்டுப் போரில் அயல்நாடுகளின் தலையீடு (1975–2002)

ஆய்வுச் சுருக்கம்

தென்மேற்கு ஆப்பிரிக்க நாடான அங்கோலாவில் 1975 முதல் 2002 வரை சில இடைவெளிகளுடன் நிகழ்ந்த உள்நாட்டுப் போர், பனிப்போர்க்காலப் பதிலிப் போருக்குச் சான்றாக வரலாற்று நூல்களில் அடிக்கடி சுட்டப்படுகிறது. அமெரிக்கா, சோவியத் ஒன்றியம், கியூபா, தென்னாப்பிரிக்கா, சயீர், சீனா ஆகிய நாடுகள் அதில் வெவ்வேறு அளவில் பங்குகொண்டன. எனினும், அயற்படைகள் வெளியேறிய பின்னரே அப்போர் தன் மிகக் கொடிய கட்டத்தை அடைந்தது. இம்முரணுக்கான காரணங்களை இக்கட்டுரை ஆராய்கிறது. உள்நாட்டுத் தலைவர்கள் தம்முள் இணங்க வேண்டிய தேவையை அயலுதவி அகற்றியது என்பதும், அயல்நாடுகள் விலகியபோது தம் சிக்கல்களை மட்டுமே தீர்த்துக்கொண்டன என்பதும் இதன் கருதுகோள்கள் ஆகும்.

திறவுச்சொற்கள்: அங்கோலா, உள்நாட்டுப் போர், பதிலிப் போர், பனிப்போர், யூனிட்டா, நமீபியா, நியூயார்க் உடன்படிக்கை

முன்னுரை

ஒரு நாடு தன் படையை நேரில் ஈடுபடுத்தாமலோ, ஓரளவே ஈடுபடுத்தியோ, வேறொரு தரப்புக்குப் பணமும் படைக்கலமும் பயிற்சியும் அளித்துத் தன் பகைநாட்டுக்கு எதிராக நடத்தும் போர் ‘பதிலிப் போர்’ எனப்படுகிறது. உதவும் நாட்டைப் ‘புரவலர்’ என்றும், உதவி பெற்றுப் போரிடும் தரப்பைப் ‘பதிலி’ என்றும் இக்கட்டுரை குறிக்கிறது.

இப்பெயரிடலில் ஓர் அறச்சிக்கல் உண்டு. ஒரு போரைப் ‘பதிலிப் போர்’ என்று மட்டும் அழைத்தால், அதில் ஈடுபட்ட உள்நாட்டுத் தலைவர்கள் பிறர் கைப்பாவைகளாகிப் பொறுப்பிலிருந்து நீங்கிவிடுகின்றனர். அதையே ‘உள்நாட்டுப் போர்’ என்றோ ‘இனக்குழுப் போர்’ என்றோ மட்டும் அழைத்தால், படைக்கலம் அனுப்பிய நாடுகள் பொறுப்பிலிருந்து நீங்கிவிடுகின்றன. ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டதாக மதிப்பிடப்படும் அங்கோலாப் போரில் இவ்விரு பெயர்களும் மாறிமாறிப் பயன்படுத்தப்பட்டுள்ளன. எனவே, யார் எதற்குப் பொறுப்பு என்பதைக் காலவரிசையில் பிரித்தறிவது இன்றியமையாததாகிறது.

வலியறிதல் அதிகாரத்தில் திருவள்ளுவர் தன்வலியையும் துணைவலியையும் வெவ்வேறாக வைத்து எடைபோடச் சொல்கிறார். அங்கோலாவின் மூன்று விடுதலை இயக்கங்களும் துணைவலியைத் தன்வலியாகக் கணக்கிட்டன என்பதை 1975ஆம் ஆண்டின் நிகழ்வுகள் காட்டுகின்றன. இவ்வேறுபாடு இக்கட்டுரைக்கு ஓர் அளவுகோலாக அமைகிறது.

1. மூன்று இயக்கங்களும் அவற்றின் நிலமும்

அங்கோலா போர்த்துகலின் குடியேற்ற நாடாக இருந்தது. 1961இல் தொடங்கிய விடுதலைப் போரில் மூன்று இயக்கங்கள் தனித்தனியே வளர்ந்தன. எம்.பி.எல்.ஏ. தலைநகர் லுவாண்டாவையும் அதைச் சூழ்ந்த கிம்புண்டு மொழி பேசும் பகுதியையும் தளமாகக் கொண்டது. நகர்ப்புறக் கல்வியாளரும் கலப்பின மக்களும் அதில் முதன்மை பெற்றிருந்தனர். மருத்துவரும் கவிஞருமான அகோஸ்டின்யோ நெட்டோ அதன் தலைவர். எஃப்.என்.எல்.ஏ. வடக்கிலுள்ள பகோங்கோ மக்களிடையே வேரூன்றியது. அதன் தலைவர் ஹோல்டன் ரொபேர்ட்டோ பெரும்பாலும் எல்லைக்கு அப்பால், சயீரின் தலைநகர் கின்ஷாசாவிலிருந்து இயங்கினார். இன்று காங்கோ மக்களாட்சிக் குடியரசு எனப்படும் அந்நாட்டை அப்போது ஆண்டவர் மொபுட்டு. மூன்றாவதான யூனிட்டாவை ஜோனாஸ் சாவிம்பி 1966இல் கிழக்கிலுள்ள மொக்சிக்கோ மாநிலத்தில் தொடங்கினார். ரொபேர்ட்டோவின் அமைப்பிலிருந்து 1964இல் பிரிந்துவந்த அவர், நடு மேட்டுநிலத்தில் வாழும் ஒவிம்புண்டு மக்களின் ஆதரவைப் பெற்றார்.

இப்பிளவுகளை அயல்நாடுகள் உருவாக்கவில்லை. மொழி, வட்டாரம், சமூகநிலை, தலைவர்களின் போட்டி ஆகியன 1974க்கு முன்பே இயக்கங்களைப் பிரித்திருந்தன. விடுதலைப் போரின்போதே அவை ஒன்றையொன்று தாக்கிக்கொண்டதும் உண்டு. ஜான் மார்க்கம் எழுதிய இரு தொகுதி வரலாறு (1969, 1978) இவ்வுட்பகைகளை விரிவாகப் பதிவுசெய்துள்ளது.

அயலுதவியும் அக்காலத்திலேயே இருந்தது. எம்.பி.எல்.ஏ. சோவியத் ஒன்றியத்திடமும் கியூபாவிடமும் உதவி பெற்றது. எஃப்.என்.எல்.ஏ. சயீரிடமும் அமெரிக்காவிடமும் பெற்றது. 1974இன் நடுப்பகுதியில் சீனப் பயிற்றுநர்களும் அதனுடன் இணைந்தனர். சாவிம்பி தொடக்கத்தில் சீனாவில் பயிற்சி பெற்றவர். எனினும் இவ்வுதவிகள் சிற்றளவினவாகவும் நிலையற்றனவாகவும் இருந்தன. நெட்டோவின் தலைமைமீது ஐயுற்ற சோவியத் ஒன்றியம் 1974இல் சிறிதுகாலம் உதவியை நிறுத்தியும் வைத்தது. போரின் போக்கைத் தீர்மானிக்கும் அளவுக்கு அயலுதவி அப்போது வளர்ந்திருக்கவில்லை.

2. ஆல்வோர் உடன்படிக்கையும் அதன் வீழ்ச்சியும்

1974 ஏப்ரல் 25இல் லிஸ்பனில் நிகழ்ந்த படையினர் புரட்சி, போர்த்துகலின் பழைய ஆட்சியை அகற்றியது. புதிய ஆட்சியாளர் குடியேற்ற நாடுகளைக் கைவிட முனைந்தனர். 1975 சனவரி 15இல் போர்த்துகலின் ஆல்வோர் நகரில் மூன்று இயக்கங்களும் போர்த்துகலும் ஓர் உடன்படிக்கையில் கையெழுத்திட்டன. இடைக்கால அரசில் மூன்று இயக்கங்களுக்கும் பங்கு வழங்கப்பட்டது. ஒவ்வோர் இயக்கமும் 8,000 வீரரைத் தந்து பொதுப்படை அமைப்பது, தேர்தல் நடத்துவது, நவம்பர் 11இல் விடுதலை பெறுவது ஆகியன ஒப்புக்கொள்ளப்பட்டன.

இவ்வுடன்படிக்கை நிலைத்திருக்குமா என்பது உறுதியற்றதே. ஆயினும், அது சோதிக்கப்படும் முன்பே வெளிப்பணம் குறுக்கிட்டது. கையெழுத்தான ஒரு வாரத்தில், சனவரி 22இல், அமெரிக்காவின் மறைமுக நடவடிக்கைகளை மேற்பார்வையிட்ட ‘நாற்பதின் குழு’ எஃப்.என்.எல்.ஏ.க்கு 3 இலட்சம் டாலர் வழங்க ஒப்புதல் அளித்தது. யூனிட்டாவுக்கு முன்மொழியப்பட்ட 1 இலட்சம் டாலரை அக்குழு மறுத்தது. அரசியல் பணிகளுக்கெனத் தரப்பட்ட இத்தொகை சிறியதே. ஆனால் அது தந்த செய்தி பெரிது. மூவருள் ஒருவருக்கு மட்டும் வல்லரசின் கை நீண்டது என்பதை மற்றிருவரும் உணர்ந்தனர். ஏறத்தாழ அதே காலத்தில் சோவியத் படைக்கலங்களும் மீண்டும் எம்.பி.எல்.ஏ.யை அடையத் தொடங்கின. எது முதலில் நிகழ்ந்தது, எது எதற்கு எதிர்வினை என்ற வினாவில் ஆய்வாளர்கள் இன்றும் வேறுபடுகின்றனர். இரு வரவுகளின் விளைவும் ஒன்றே என்பது இங்குக் கருதத்தக்கது. உடன்படிக்கையைக் காப்பதால் கிடைக்கும் பயனைவிட முந்திக்கொண்டு தாக்குவதால் கிடைக்கும் பயன் மிகுதி என்ற கணக்கு ஒவ்வோர் இயக்கத்துக்கும் தோன்றியது.

மார்ச்சு மாதத்தில் லுவாண்டாவில் எஃப்.என்.எல்.ஏ. எம்.பி.எல்.ஏ.யினரைத் தாக்கியது. சூன் மாதம் கென்யாவின் நகுரு நகரில் சோமோ கென்யாட்டாவின் முன்னிலையில் மூன்று தலைவர்களும் கூடி மீண்டும் ஓர் உடன்பாடு கண்டனர். அது சில வாரங்களிலேயே குலைந்தது. சூலையில் எம்.பி.எல்.ஏ. தன் பகையை லுவாண்டாவிலிருந்து வெளியேற்றியது. அதே மாதத்தில் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஃபோர்டு, நடுவண் உளவு நிறுவனத்தின் வழியே எஃப்.என்.எல்.ஏ.க்கும் யூனிட்டாவுக்கும் படைக்கலம் வழங்கும் மறைமுகத் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தார். முதலில் 1.4 கோடி டாலராக இருந்த ஒதுக்கீடு இறுதியில் ஏறத்தாழ 3.2 கோடி டாலராக உயர்ந்தது. இம்முடிவை எதிர்த்து, வெளியுறவுத் துறையில் ஆப்பிரிக்க விவகாரங்களுக்குப் பொறுப்பாயிருந்த நதேனியல் டேவிஸ் பதவி விலகினார்.

போர்த்துகலோ தன் உள்நாட்டுக் குழப்பங்களில் மூழ்கியிருந்தது. உடன்படிக்கையைக் காக்கும் வலிமையோ விருப்பமோ அதனிடம் எஞ்சவில்லை. ஏறத்தாழ மூன்று இலட்சம் போர்த்துக்கீசியக் குடியேறிகள் அவ்வாண்டில் வெளியேறினர். நாட்டின் நிர்வாகமும் தொழிலும் அவர்களோடு சரிந்தன.

3. விடுதலை நாளும் அயற்படைகளும்

1975 அக்டோபரில் தென்னாப்பிரிக்கப் படை நமீபியாவிலிருந்து எல்லை கடந்து வடக்கு நோக்கி விரைந்தது. நமீபியாவைத் தன் ஆட்சியில் வைத்திருந்த தென்னாப்பிரிக்க வெள்ளையராட்சி, அங்கு விடுதலைக்காகப் போரிட்ட சுவாப்போ இயக்கத்துக்கு அங்கோலா புகலிடமாகும் என்று அஞ்சியது. வடக்கில் எஃப்.என்.எல்.ஏ. சயீர் நாட்டுப் படையினரோடு இணைந்து லுவாண்டாவை நெருங்கியது. விடுதலை நாளுக்கு முன்னர்த் தலைநகரைப் பிடிப்பவரே நாட்டை ஆள்வார் என்ற நிலை உருவாயிற்று.

கியூபா அக்டோபர்த் தொடக்கத்தில் ஏறத்தாழ 480 பயிற்றுநர்களை அங்கோலாவுக்கு அனுப்பியிருந்தது. தென்னாப்பிரிக்காவின் படையெடுப்பைத் தொடர்ந்து, நவம்பர் 4இல் பிடல் காஸ்ட்ரோ போர்ப்படையை அனுப்ப முடிவு செய்தார். நவம்பர் 10இல் லுவாண்டாவுக்கு வடக்கேயுள்ள கிஃபங்கொண்டோவில் எஃப்.என்.எல்.ஏ.யும் சயீர்ப் படையும் சிதறடிக்கப்பட்டன. அங்கு எஃப்.என்.எல்.ஏ. தரப்பில் தென்னாப்பிரிக்கப் பீரங்கிகளும் போர்த்துக்கீசியக் கூலிப்படையினரும் இருந்தனர். எம்.பி.எல்.ஏ. தரப்பில் சோவியத் ஏவுகணைப் பொறிகளும் கியூபா வீரரும் இருந்தனர். சயீரின் பகைவரான கட்டங்கா வீரரும் எம்.பி.எல்.ஏ.யோடு இணைந்திருந்தனர். அங்கோலாவின் ஆட்சியுரிமையைத் தீர்மானித்த அம்மோதலில் எத்தனை நாடுகளின் வழக்குகள் கலந்திருந்தன என்பதற்கு இதுவே சான்று.

அதே நாளில் போர்த்துகலின் கடைசி ஆணையர் எந்த இயக்கத்தின் பெயரையும் குறிப்பிடாமல், ஆட்சியுரிமையை ‘அங்கோலா மக்களுக்கு’ ஒப்படைப்பதாக அறிவித்துக் கப்பலேறினார். மறுநாள் லுவாண்டாவில் எம்.பி.எல்.ஏ. ஒரு குடியரசையும், உவாம்போவில் மற்ற இரு இயக்கங்களும் வேறொரு குடியரசையும் அறிவித்தன.

தென்னாப்பிரிக்காவின் நுழைவு அதன் பக்கம் நின்றவர்களுக்கே கேடாயிற்று. நிறவெறி அரசோடு ஒரே அணியில் காணப்பட விரும்பாத சீனா தன் பயிற்றுநர்களைத் திரும்ப அழைத்தது. அதுவரை நடுநிலை காத்த நைசீரியா லுவாண்டா அரசை ஏற்றது. 1976 சனவரியில் ஆப்பிரிக்க ஒற்றுமை அமைப்பின் சிறப்பு மாநாடு 22க்கு 22 என்று சமமாகப் பிளவுற்றது. அடுத்த மாதமே அவ்வமைப்பு எம்.பி.எல்.ஏ. அரசை உறுப்பினராக்கியது. அமெரிக்கச் செனட் அவை 1975 திசம்பரில் மறைமுக உதவிக்கான நிதியைத் தடுத்தது. பின்னர் 1976இல் கிளார்க் திருத்தம் அத்தடையை நிலைப்படுத்தியது. மார்ச்சு இறுதிக்குள் தென்னாப்பிரிக்கப் படை பின்வாங்கியது. அப்போது அங்கோலாவிலிருந்த கியூபா வீரர்களின் எண்ணிக்கை ஏறத்தாழ 36,000. எம்.பி.எல்.ஏ. வென்றது, ஆயினும் அவ்வெற்றியின் பெரும்பகுதி துணைவலியால் ஆனது. நாட்டின் நடுப்பகுதி மக்களோடு அரசியல் இணக்கம் காணும் தேவை புதிய அரசுக்கு அப்போது தோன்றவில்லை.

4. பதிலியர் பாவைகளா?

புரவலர் ஆட்டுவிக்கப் பதிலியர் ஆடினர் என்ற எளிய விளக்கம் சான்றுகளோடு பொருந்தவில்லை. கியூபா சோவியத் ஒன்றியத்தின் ஏவலால் படையனுப்பியது என்று அக்கால அமெரிக்க அரசு கூறியது. கியூபாவின் ஆவணங்களையும் அமெரிக்க ஆவணங்களையும் ஒப்பிட்டு ஆராய்ந்த பியேரோ கிளெயேசெஸ் (2002), காஸ்ட்ரோ மாஸ்கோவின் ஒப்புதலைப் பெறாமலேயே அம்முடிவை எடுத்தார் என்று நிறுவியுள்ளார். ‘பதிலியின் பதிலி’யாகக் கருதப்பட்ட கியூபா தன் விருப்பப்படி இயங்கியது என்பது இதனால் புலனாகும்.

1977 மே 27இல் எம்.பி.எல்.ஏ.யின் ஒரு பிரிவினர் நிட்டோ ஆல்வெஸின் தலைமையில் நெட்டோவுக்கு எதிராகக் கிளர்ந்தபோது, கியூபாப் படை நெட்டோவைக் காத்தது. கிளர்ச்சியாளரிடம் சோவியத் தூதரகத்துக்குப் பரிவு இருந்ததோ என்ற ஐயம் நெடுநாள் நீடித்தது. ஒரே அணியிலிருந்த இரு புரவலர்களின் நலன்கள்கூட ஒத்திருக்கவில்லை. அக்கிளர்ச்சிக்குப் பின் அரசு நடத்திய களையெடுப்பில் ஆயிரக்கணக்கானோர் கொல்லப்பட்டனர். அக்கொலைகளின் பொறுப்பை எந்த வல்லரசின்மீதும் முழுமையாகச் சுமத்த இயலாது.

மறுபக்கத்தில் சாவிம்பியின் அரசியல் வாழ்வு இன்னும் தெளிவான சான்று. சீனப் பயிற்சியோடு தொடங்கிய அவர், விடுதலைப் போரின் இறுதியாண்டுகளில் போர்த்துக்கீசியப் படையோடு மறைமுக உறவு கொண்டார். பின்னர் தென்னாப்பிரிக்காவையும் அமெரிக்காவையும் புரவலராக்கிக்கொண்டார். கொள்கை மாறியபோதும் இலக்கு மாறவில்லை: ஆட்சியை முழுமையாக அடைவதே அது. கிளார்க் திருத்தம் 1985இல் நீக்கப்பட்டபின், 1986 சனவரியில் அவர் வாஷிங்டனில் ரீகனால் வரவேற்கப்பட்டார். அவ்வாண்டில் ஏறத்தாழ 1.5 கோடி டாலர் மதிப்புள்ள உதவியும், வானூர்திகளை வீழ்த்தும் ஸ்டிங்கர் ஏவுகணைகளும் யூனிட்டாவுக்குக் கிடைத்தன. இவ்வளவு நெருங்கிய புரவலராலும் யூனிட்டாவின் உட்கொலைகளைத் தடுக்க இயலவில்லை. வாஷிங்டனில் அவ்வியக்கத்தின் முகமாக அறியப்பட்ட டிட்டோ சிங்குன்சி தன் இயக்கத்தாராலேயே கொல்லப்பட்டார். 1992இல் இயக்கத்தை விட்டு விலகிய இரு மூத்த தலைவர்கள் அதை வெளிப்படுத்தினர்.

பொருளியல் உறவுகள் இவ்வணிகளின் எல்லைகளை மேலும் குழப்பின. அங்கோலா அரசு சோவியத் படைக்கலங்களுக்கான பணத்தைப் பெரிதும் கபிண்டாவின் எண்ணெயிலிருந்து ஈட்டியது. அங்கு எண்ணெய் எடுத்தவை அமெரிக்க நிறுவனங்கள்; அவற்றைக் காவல் காத்தவர்கள் கியூபா வீரர்கள். 1985 மே மாதம் அவ்வெண்ணெய் நிலையங்களைத் தகர்க்க வந்த தென்னாப்பிரிக்கச் சிறப்புப் படையின் தலைவர் பிடிபட்டார். அமெரிக்காவின் கூட்டாளி அமெரிக்க நிறுவனத்தின் சொத்தைத் தகர்க்க முயல, அமெரிக்காவின் பகைநாடு அதைக் காத்தது. லுவாண்டா அரசை அமெரிக்கா 1993 மே வரை ஏற்கவுமில்லை.

5. பிணைந்த முடிச்சுகள்: நமீபியாவும் 1988ஆம் ஆண்டு உடன்படிக்கையும்

அயற்தலையீட்டின் இரண்டாவது விளைவு, தொடர்பற்ற வழக்குகளை ஒன்றோடொன்று பிணைத்தது ஆகும். நமீபியாவின் விடுதலைக்கான திட்டத்தை ஐ.நா. பாதுகாப்பு அவை 1978இல் 435ஆம் தீர்மானத்தால் வகுத்தது. 1981 முதல் ஆப்பிரிக்கா குறித்த அமெரிக்கக் கொள்கையை வகுத்த செஸ்டர் குரோக்கர், கியூபாப் படை அங்கோலாவை விட்டு நீங்கினால்தான் நமீபியா விடுதலை பெறும் என்ற நிபந்தனையை முன்வைத்தார். கியூபாவோ தென்னாப்பிரிக்கத் தாக்குதல் நீடிக்கும்வரை வெளியேற மறுத்தது. நமீபியர்களின் விடுதலையும் அங்கோலாவின் அமைதியும் இவ்வாறு ஒரே கயிற்றின் இரு நுனிகளாயின. தென்னாப்பிரிக்கா யூனிட்டாவைத் தென்கிழக்கிலுள்ள ஜாம்பாவில் நிலைநிறுத்தி, அதைச் சுவாப்போவுக்கு எதிரான அரணாகப் பயன்படுத்தியது.

1987இல் சோவியத் ஆலோசகர்களின் திட்டப்படி, கியூபாவின் மாற்றுக்கருத்தையும் மீறி, அங்கோலா அரசுப்படை யூனிட்டாவின் பகுதியை நோக்கி முன்னேறியது. லொம்பா ஆற்றங்கரையில் தென்னாப்பிரிக்கப் படை அதை நொறுக்கியது. பின்வாங்கிய படை குயிட்டோ குவானவாலே என்ற சிற்றூரில் முற்றுகைக்குள்ளாயிற்று. கியூபா புதிய படைகளை அனுப்பி அவ்வூரைக் காத்ததோடு, மேற்கில் நமீபிய எல்லை நோக்கியும் படையை நகர்த்தியது. அம்முற்றுகையில் வென்றவர் யார் என்பது இன்றும் விவாதப்பொருளே. கியூபாவும் ஆப்பிரிக்க விடுதலை இயக்கங்களும் அதை நிறவெறி அரசின் தோல்வியாகக் கருதுகின்றன. லொம்பாவில் தம் இலக்கு நிறைவேறிவிட்டதெனத் தென்னாப்பிரிக்கத் தளபதிகள் வாதிட்டனர். எவ்வாறாயினும், போரைத் தொடர்வதற்கான செலவு எல்லாப் புரவலர்க்கும் மிகையாகத் தோன்றியது.

1988 திசம்பர் 22இல் அங்கோலா, கியூபா, தென்னாப்பிரிக்கா ஆகிய மூன்று நாடுகளும் நியூயார்க்கில் உடன்படிக்கை செய்துகொண்டன. அதன்படி ஏறத்தாழ 50,000 கியூபா வீரர் படிப்படியாக வெளியேறினர். கடைசி வீரர் 1991 மே 25இல் புறப்பட்டார். நமீபியா 1990 மார்ச்சு 21இல் விடுதலை பெற்றது. புரவலர்களின் நோக்கில் இவ்வுடன்படிக்கை பெருவெற்றி. நமீபிய மக்களுக்கும் அது வெற்றியே. ஆனால் அங்கோலா மக்களின் உட்பூசல் குறித்து அதில் எதுவும் இல்லை. போரிட்ட தரப்புகளுள் ஒன்றாகிய யூனிட்டா அதில் கையெழுத்திடவில்லை. அதன் பின்னரும் அமெரிக்கா யூனிட்டாவுக்கும், சோவியத் ஒன்றியம் அரசுக்கும் உதவியைத் தொடர்ந்தன. 1989 சூன் மாதம் மொபுட்டுவின் முயற்சியால் கபடொலிட்டேயில் தலைவர்கள் கைகுலுக்கிய உடன்பாடும் நிலைக்கவில்லை.

6. புரவலர் நீங்கிய போர்

1991 மே 31இல் போர்த்துகலின் பிசெஸ்ஸேயில் அரசும் யூனிட்டாவும் அமைதி உடன்படிக்கையில் கையெழுத்திட்டன. போர்த்துகல், அமெரிக்கா, சோவியத் ஒன்றியம் ஆகியவை அதன் பார்வையாளர்கள். இரு படைகளையும் கலைத்து ஒரே தேசியப்படை அமைக்கவும் அடுத்த ஆண்டு தேர்தல் நடத்தவும் அது வழிவகுத்தது. இதனைக் கண்காணிக்க ஐ.நா. அனுப்பிய படைப் பார்வையாளர் 350 பேர் மட்டுமே. பிரான்சைவிட இருமடங்குக்கும் மேல் பரப்புள்ள நாட்டுக்கு இவ்வெண்ணிக்கை மிகச் சிறிது. அப்பணிக்குத் தலைமையேற்ற மார்கரெட் ஆன்ஸ்டி பின்னர் (1996) எழுதிய நூல், அங்கோலாவைப் பனிப்போரின் அநாதையாகத் தன் தலைப்பிலேயே குறிக்கிறது. போருக்குப் படைக்கலம் வழங்கிய நாடுகள், அமைதிக்கு அதே அளவில் செலவிட முன்வரவில்லை.

1992 செப்டம்பர் 29, 30 நாள்களில் தேர்தல் நடந்தது. நாடாளுமன்றத்தின் 220 இடங்களுள் எம்.பி.எல்.ஏ. 129 இடங்களையும் யூனிட்டா 70 இடங்களையும் பெற்றன. குடியரசுத் தலைவர் தேர்தலில் ஜோசே எட்வர்டோ டோஸ் சாண்டோஸ் 49.57 விழுக்காடும் சாவிம்பி 40.07 விழுக்காடும் பெற்றனர். தேர்தல் பொதுவாக முறையாகவே நடந்தது என ஐ.நா. அறிவித்தது. சாவிம்பி அம்முடிவை ஏற்கவில்லை. படைகளைக் கலைக்கும் விதி அதற்குள் நிறைவேறாமலிருந்ததால் யூனிட்டாவின் படையும் அவர் கையிலேயே இருந்தது. அக்டோபர் இறுதியில் லுவாண்டாவில் மூண்ட மோதலில் யூனிட்டாவின் துணைத் தலைவர் செரெமியாஸ் சித்துண்டா உட்படப் பலர் அரசுத் தரப்பினரால் கொல்லப்பட்டனர். உவாம்போ 55 நாள் சண்டைக்குப் பின் யூனிட்டாவிடம் வீழ்ந்தது. குயிட்டோ நகரம் பல மாதம் முற்றுகைக்குள் பட்டினி கிடந்தது. 1993இல் நாளொன்றுக்கு ஆயிரம் பேர்வரை மாண்டதாக ஐ.நா. மதிப்பிட்டது. கியூபா வீரரோ தென்னாப்பிரிக்க அரசுப் படையோ அப்போது அங்கோலாவில் இல்லை.

புரவலர் தந்த பணத்தின் இடத்தை நிலத்தின் வளம் நிரப்பியது. யூனிட்டா வடகிழக்கின் வைரச் சுரங்கங்களைக் கைப்பற்றியது. 1992 முதல் 1998 வரை அது வைரத்தால் ஈட்டியது 372 கோடி டாலர் எனக் குளோபல் விட்னஸ் அமைப்பு 1998இல் மதிப்பிட்டது. 1975இல் அமெரிக்காவின் மறைமுகத் திட்டத்துக்குச் செலவானது ஏறத்தாழ 3.2 கோடி டாலர். பண மதிப்பின் மாற்றத்தைக் கழித்துப் பார்த்தாலும், பதிலி தன் புரவலரைத் தேவையற்றவராக்கியது இவ்வொப்பீட்டால் விளங்கும். அரசு தன் பங்குக்கு எண்ணெய்ப் பணத்தால் ‘எக்ஸிகியூட்டிவ் அவுட்கம்ஸ்’ என்ற தனியார் படை நிறுவனத்தை 1993இல் அமர்த்தியது. அதில் பணியாற்றியோருள் பலர் தென்னாப்பிரிக்காவின் 32ஆம் படைப்பிரிவைச் சேர்ந்தவர்கள். தோற்ற எஃப்.என்.எல்.ஏ. வீரரைக் கொண்டு 1976இல் அமைக்கப்பட்டு, எம்.பி.எல்.ஏ.க்கு எதிராகப் பல்லாண்டு போரிட்ட பிரிவு அது. இப்போது அதே கைகள் எம்.பி.எல்.ஏ. அரசுக்காகப் போரிட்டன. அயலார் விட்டுச்சென்ற போர்த்திறன் விலைக்குக் கிடைக்கும் சரக்காயிற்று.

1994 நவம்பரில் கையெழுத்தான லுசாக்கா நெறிமுறையும் நிலைக்கவில்லை. இதற்கிடையில் அங்கோலா தானே தலையிடும் அரசாக மாறியது. யூனிட்டாவின் பின்தளத்தை அழிக்கும் நோக்கில், 1997இல் மொபுட்டுவை வீழ்த்திய கிளர்ச்சிக்கு அது படையனுப்பியது. தன்னிடம் தங்கியிருந்த கட்டங்கா வீரரையும் அதில் ஈடுபடுத்தியது. அதே ஆண்டில் காங்கோ-பிராசவில்லின் போரிலும் அது தலையிட்டது. ஐ.நா. 1998இல் யூனிட்டாவின் வைர வணிகத்தைத் தடைசெய்தது. 2000 மார்ச்சில் வெளியான ஐ.நா. வல்லுநர் குழுவின் அறிக்கை, அத்தடையை மீறத் துணைநின்றதாக டோகோ, புர்க்கினா ஃபாசோ நாடுகளின் தலைவர்களைக் குற்றஞ்சாட்டியது. அவர்கள் அதை மறுத்தனர். பெரிய புரவலர் நீங்கிய இடத்தில் சிறிய இடைத்தரகர்கள் புகுந்தனர்.

2002 பிப்ரவரி 22இல், தன் இயக்கத்தைத் தொடங்கிய அதே மொக்சிக்கோ மாநிலத்தில் சாவிம்பி அரசுப்படையால் கொல்லப்பட்டார். ஆறு வாரத்தில், ஏப்ரல் 4 அன்று, லுவேனா உடன்பாட்டின் அடிப்படையில் இரு தரப்பினரும் படைக்கலத்தைக் கீழே வைத்தனர். அவ்வுடன்பாட்டை அங்கோலாவின் தளபதிகளே அங்கோலாவின் மண்ணில் பேசி முடித்தனர்.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பின்வரும் கருத்துகள் பெறப்படுகின்றன. முதலாவது, அங்கோலாவின் உட்பிளவுகள் அயலாரின் படைப்பல்ல. அவற்றை இணக்கத்தால் தீர்க்கும் வாய்ப்பு 1975இல் சிறிதளவேனும் இருந்தது. அயலுதவி அவ்வாய்ப்பின் மதிப்பைக் குறைத்தது. பிறர் தோள் உண்டு என்று நம்பிய ஒவ்வொரு தலைவரும் எதிர்த்தரப்போடு பேசுவதைவிட வெல்வதே எளிதென்று கருதினார்.

இரண்டாவது, தலையீடு அங்கோலாப் போரோடு நமீபியா, கட்டங்கா, வல்லரசுப் போட்டி ஆகிய பிற வழக்குகளையும் பிணைத்தது. அதனால் அங்கோலாவின் அமைதி அங்கோலா மக்களின் கையில் இல்லாமற் போயிற்று. 1988இல் அம்முடிச்சு அவிழ்ந்தபோது பிற வழக்குகள் தீர்ந்தன. அங்கோலாவின் வழக்கு தீராமல் நின்றது.

மூன்றாவது, பதிலியர் புரவலரின் கருவிகளாக மட்டும் இருக்கவில்லை. 1977ஆம் ஆண்டுக் களையெடுப்பும், யூனிட்டாவின் உட்கொலைகளும், 1992ஆம் ஆண்டுத் தேர்தல் முடிவை மறுத்ததும், அதைத் தொடர்ந்த லுவாண்டாக் கொலைகளும் அங்கோலாத் தலைவர்களின் முடிவுகளே. எனினும், அம்முடிவுகளைப் பேரழிவாக்கும் ஆற்றலை அவர்களுக்குத் தந்தவை அயல்நாடுகள். ஒருவரின் பொறுப்பை மற்றவரின் பொறுப்பால் கழித்துவிட முடியாது.

நான்காவது, புரவலர் விலகுவதும் போர் முடிவதும் ஒன்றல்ல. படைக்கலமும் பயிற்சியும் போரை நடத்தும் அமைப்பும் பின்தங்கிவிடுகின்றன. நிலத்தடி வளம் உள்ள நாட்டில் அவற்றுக்குப் புதிய வருவாய் கிடைத்துவிடுகிறது. ஆகவே, அயற்படைகளின் வெளியேற்றத்தை மட்டுமே அமைதியின் அளவுகோலாகக் கொள்ளும் உடன்படிக்கைகள் ஆய்வாளரின் ஐயத்துக்குரியவை. குயிட்டோ குவானவாலேயைச் சுற்றிப் பல நாட்டுக் கண்ணிவெடிகள் புதைக்கப்பட்டன. அவற்றை அகற்றும் பணி, புதைத்த படைகள் நாடு திரும்பிப் பல்லாண்டு கழிந்த பின்னரும், அந்நிலத்தில் உழுது வாழ வேண்டியவர்களின் சுமையாகவே தொடர்ந்தது.